மூணாவது ஆளுக்கும் 16 இன்ச்

வேலூரில் காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் நடுவே 1, 2 நம்பர் டவுன் பஸ்களில் தினமும் போய்வருகிற சக பயணிகளுக்கு,

வணக்கம். 22 வருஷமாக உங்களோடு வந்துகொண்டிருக்கிறேன். காலையில் சில்க் மில் நிறுத்தத்தில் ஏறி வேலப்பாடியில் இறங்குவேன். அங்கே ஒரு சந்துக்குள் சின்னதாக ஒரு லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். உங்களில் நிறைய பேருக்கு என் முகம் பழகியிருக்கும். எனக்கும் உங்கள் முகங்கள் தெரியும். யார் எங்கே ஏறுவார், எங்கே இறங்குவார் என்பதுகூடத் தெரியும். பெயர்தான் தெரியாது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதுகிறேன்.

விஷயம் சின்னதுதான். ஆனால் ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. மூணு பேர் சீட்டில் மூணாவதாக உட்காருகிறவருடைய இடத்தைப் பற்றியது.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகளைக் கொடுப்பதற்காகப் பாகாயம் வரைக்கும் போனேன். கடைசி நிறுத்தத்தில் வண்டி காலியாகிவிட்டது. கைப்பையில் எப்போதும் டேப் இருக்கும். அதை எடுத்து, நான் உட்கார்ந்து வந்த சீட்டை ஓரத்துக்கு ஓரம் அளந்தேன். நடத்துநர் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, சீட்டுக்கு உறை தைக்கப் போறீங்களா?" என்று கேட்டார். "இல்லண்ணே, சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்" என்றேன். 48 இன்ச் இருந்தது. வண்டிக்கு வண்டி ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கலாம். மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 16.

16 இன்ச் என்றால் எவ்வளவு என்று என் தொழிலில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். இடுப்புச் சுற்று 40 உள்ள ஒரு பெண் உட்கார்ந்தால் அகலம் கிட்டத்தட்ட 15, 16 வந்துவிடும். 40 என்பது பெரிய அளவே இல்லை. என் அளவு நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் வருகிற எண் அது. அப்படியானால் மூன்று பேரும் முழங்காலைச் சேர்த்து, கையை மடியில் வைத்து உட்கார்ந்தால்தான் அந்தச் சீட்டு மூன்று பேருக்குச் சரியாக இருக்கும். ஒரு விரல் அகலம்கூட மிச்சம் வராது. ஜன்னலோரம் இருப்பவர் முழங்காலை விரித்து ஐந்து இன்ச் கூடுதலாக எடுத்துக்கொண்டால் நடுவில் இருப்பவர் அந்த அளவுக்குத் தள்ளிப்போகிறார். கடைசியில் ஐந்து இன்ச்சும் ஓரத்தில் இருப்பவர் தலையில்தான் விழுகிறது.

அந்த ஓரம் எப்படி இருக்கும் என்று ஜன்னலோரத்தில் இருப்பவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அதனால் சொல்கிறேன். ஒரு தொடைதான் சீட்டில் இருக்கும். இன்னொன்று வழியில் தொங்கும். விளிம்பில் ரெக்சின் கிழிந்திருந்தால் அடியில் இருக்கும் தகடு தொடையை அழுத்தும். ஒரு பாதத்தை வழியில் ஊன்றி, முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாலாற்றுப் பாலத்தில் வண்டி நேராகப் போகிற வரைக்கும் சமாளித்துவிடலாம். கிரீன் சர்க்கிளில் வளையும்போது உடம்பு மொத்தமும் வெளியே இழுக்கும். நிற்கிறவர்களின் பை தோளில் இடிக்கும். இறங்குகிறவர்கள் ஊன்றிய பாதத்தை மிதித்துவிட்டுப் போவார்கள். பழைய பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் இடுப்பு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கடைக்குப் போய் சாயங்காலம் வரைக்கும் மெஷினில் உட்கார வேண்டும். இப்படி உட்கார்ந்து வந்ததற்கு நின்றுகொண்டே வந்திருக்கலாமே என்று பல நாள் தோன்றியிருக்கிறது.

கூட்டத்தைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. நெருக்கி உட்கார்ந்து பழகியவர்கள்தானே நாம். ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலைக்கும் ரத்தினகிரிக்கும் போகிற வண்டிகளில் காவடியோடும் குழந்தைகளோடும் ஒருவர் மடியில் ஒருவர் என்கிற மாதிரி போயிருக்கிறோம். யாருக்கும் கோபம் வந்ததில்லை. முகம் தெரியாத அம்மாவின் பிள்ளை என் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கியிருக்கிறது. ராத்திரி டூட்டி முடித்து வரும் நர்ஸ் பெண்கள் காலை வண்டியில் தூங்கி என் மேல் சாய்வார்கள். அவர்களை நான் எழுப்பவே மாட்டேன். தூங்குகிறவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

வேண்டுமென்றே உரசுகிறவர்களைப் பற்றியும் இங்கே எழுதவில்லை. அதற்குத் தமிழ்நாட்டில் 1998லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. 181க்கு போன் செய்யலாம், வண்டியை நிறுத்தச் சொல்லிச் சத்தம் போடலாம். நானே போட்டிருக்கிறேன். அது வேறு. நான் சொல்வது நல்லவர்கள் செய்வது. கவனிக்காமல் செய்வது.

என் அக்கா மகள் காலேஜில் உளவியல் படிக்கிறாள். சீட்டை அளந்த கதையை அவளிடம் சொன்னேன். எட்வர்ட் ஹால் என்று ஓர் அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1960களிலேயே இதையெல்லாம் இன்ச் கணக்கில் எழுதியிருக்கிறார் என்றாள். ஆளைச் சுற்றி ஒன்றரை அடி, அதாவது 18 இன்ச் வரைக்கும் புருஷன், பிள்ளை மாதிரி ரொம்ப நெருங்கியவர்களுக்கான இடம். அதற்கு மேல் நாலடி வரைக்கும் நண்பர்கள், பழகியவர்கள் நிற்கிற தூரம். அதையும் தாண்டித்தான் மற்றவர்கள். இது அவர் பார்த்த அமெரிக்கர்களுடைய கணக்கு, ஊருக்கு ஊர் மாறும் என்று அவரே சொல்லியிருக்கிறாராம். நம் ஊரில் இன்னும் குறைவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் 16ஐயும் 18ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால், மூணு பேர் சீட்டில் உட்காரும்போது நாம் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் நுழைந்துவிடுகிறோம். வீட்டுக்குள் நுழைகிறவர் வாசலில் ஒரு குரல் கொடுப்பார் இல்லையா?

இதை நான் இவ்வளவு யோசிப்பதற்கு என் தொழிலும் ஒரு காரணம். முன்பின் தெரியாத பெண்களைத் தொட்டு அளவெடுப்பதுதான் என் வேலை. தோள், மார்பு, கைச்சுற்று, இடுப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கற்றுக்கொடுத்த அக்கா முதல் நாளே ஒன்று சொன்னார். டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்கிறதுக்கு முன்னால் வாயைத் திற, அப்புறம் கையை நீட்டு என்றார். "கையைக் கொஞ்சம் தூக்குங்கம்மா", "இந்தப் பக்கம் திரும்புங்கம்மா", "மூச்சை சாதாரணமா விடுங்க". அந்தச் சொல்லைக் கேட்டதும் வந்தவருடைய தோள் தளர்வது என் விரலுக்குத் தெரியும். சொல்லாமல் பின்னாலிருந்து டேப்பைப் போட்டால் அதே தோள் இறுகிவிடும். அப்படி எடுத்த அளவு தப்பாகத்தான் வரும், ஜாக்கெட் பிடிக்கும். தொடுகிற கை ஒன்றுதான், தொடுகிற இடமும் ஒன்றுதான். முன்னால் ஒரு வார்த்தை வந்ததா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வண்டியில் யாராவது "கொஞ்சம் நவுந்துக்கிறீங்களா?" என்று கேட்டு உட்கார்ந்தால் இடிபட்டாலும் வலிப்பதில்லை. ஒன்றும் சொல்லாமல் தொப்பென்று விழுந்து தோளால் தள்ளும்போது அதே இடி எரிச்சலாக இருக்கிறது.

அடுத்தது, ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு உள்ளே போகச் சொல்கிறவர்கள். இதைப் பெண்கள் பக்கத்தில்தான் அதிகம் பார்க்கிறேன், என் பக்கத்துக் குறையையும் சொல்லத்தானே வேண்டும். ஜன்னலோரமும் நடுவும் காலியாக இருக்கும். ஓரத்தில் இருப்பவர் நகர மாட்டார். "நான் அடுத்த ஸ்டாப்புல இறங்கணும், நீங்க உள்ள போங்க" என்பார். எழுந்து வழிவிடவும் மாட்டார். முழங்காலை மட்டும் ஒரு பக்கம் சாய்ப்பார். அவர் முழங்காலுக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் பத்து இன்ச் இருந்தால் அதிகம். அதற்குள் புடவையைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டுப் பையும் துணிப் பையும் தூக்கிக்கொண்டு, வண்டி ஓடும்போது பக்கவாட்டில் நுழைய வேண்டும். நம் உடம்பு அவர் முகத்துக்கு எதிரே போகும். அவருக்கும் கூச்சம், நமக்கும் கூச்சம். ஒரு தடவை என் கொசுவம் ஒரு அம்மாவின் வாட்டர் பாட்டில் மூடியில் மாட்டி மொத்தமாக அவிழ்ந்துவிட்டது. விருதம்பட்டிலிருந்து நேஷனல் நிறுத்தம் வரைக்கும் பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்து வந்தேன். ஒரு நிமிஷம் எழுந்து நின்றால் முடிந்துபோகும் காரியம். அடுத்த ஸ்டாப்பில் இறங்குவேன் என்றவர் தொரப்பாடி வரைக்கும் வந்திருப்பார் என்று நினைக்கிறேன், நான் இறங்கும்போது அதே ஓரத்தில்தான் இருந்தார்.

முழங்காலை விரிப்பது ஆண்கள் பக்கத்துப் பழக்கம். இந்தத் தொல்லை நம் ஊரில் மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். ஸ்பெயினில் மாட்ரிட் நகரப் பேருந்துகளில் 2017ல் இதற்கென்றே படம் போட்டு ஒட்டினார்கள், முழங்காலைச் சேர்த்து உட்காருங்கள் என்று. நம் வண்டியில் ஒட்டினால் ஒரு வாரத்தில் அதன்மேல் வேறு ஏதாவது நோட்டீஸ் வந்துவிடும். ஒட்டுவதைவிடப் பேசுவதுதான் நமக்குச் சரிப்படும்.

பேசினால் நடக்கிறது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். மழைக்காலம், சாயங்கால நேரம். நான் நின்றுகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஒரு வங்காளக் குடும்பம் ஏறியது. கணவருக்கு அறுபது வயது இருக்கும், கையில் பெரிய ஸ்கேன் கவர். கழுத்துக்குக் கீழே பிளாஸ்திரி. மனைவி பின்னால் நின்றார். ஆண்கள் சீட்டில் ஓரத்தில் ஒரு சாண் இடம் இருந்தது, அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட ஒட்டிக்கொண்டார் என்று சொல்ல வேண்டும். ஜன்னலோரம் ஒரு காலேஜ் பையன், காதில் பட்ஸ், முழங்கால் இரண்டும் இரண்டு திசையில். வண்டி வளைந்தது. பெரியவர் வழுக்கி, ஒரு முழங்காலை வழியில் ஊன்றிவிட்டார். ஸ்கேன் கவர் ஈரத்தில் விழுந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. கவரை எடுத்து வேட்டியில் துடைத்தார், மறுபடியும் அதே ஓரத்தில் உட்கார்ந்தார். அந்த அம்மா மட்டும் அவர் சட்டைக் காலரை ஒரு கையால் பிடித்துக்கொண்டார், இன்னொரு தடவை விழாமல் இருக்க.

நான் குனிந்து பையன் தோளைத் தொடாமல், கண்ணுக்கு எதிரே கையை ஆட்டினேன். பட்ஸை எடுத்தான். "தம்பி, கொஞ்சம் நவுந்து உக்காருப்பா, ஐயா விழறாரு" என்றேன். திரும்பிப் பார்த்தான். அவன் முகம் மாறியதை என்னால் மறக்க முடியாது. "சாரிக்கா, நான் கவனிக்கவே இல்ல" என்று எழுந்தே விட்டான். பெரியவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, அவர் இறங்கும் வரைக்கும் நின்றுகொண்டே வந்தான். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று தெளிந்தது. இத்தனை வருஷம் முறைத்துக்கொண்டு வந்தேனே, வாயைத் திறந்து கேட்டதே இல்லையே! முறைப்பது ஜன்னலோரம் வரைக்கும் போய்ச் சேருவதில்லை.

நானும் தப்பு செய்தவள்தான். துணிப் பையைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு வருவது என் வழக்கம். உள்ளே ஐந்தாறு பேருடைய பட்டு ஜாக்கெட் இருக்கும், கசங்கக் கூடாது என்று காரணம் வேறு வைத்திருந்தேன். ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தபோது ஒரு கர்ப்பிணிப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போது ஏறினாய் என்று கேட்டேன். மூன்று நிறுத்தத்துக்கு முன்னால் என்றாள். யாராவது வருவாங்கன்னு பைய வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்க்கா என்றாள். அன்றிலிருந்து பை மடியில்தான். ஜாக்கெட் கசங்கினால் இஸ்திரி போட்டுக்கொள்ளலாம்.

மற்றவற்றை நீட்ட விரும்பவில்லை. போனில் சீரியலைச் சத்தமாக வைப்பது, ஈரத் தலையைப் பின்னால் இருப்பவர் மடியில் தொங்கவிடுவது, பழைய பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு, ஒரு துண்டுக்கு மூன்று இடம் கேட்பது. எல்லாருக்கும் தெரிந்ததுதான். காட்பாடி பிளாட்பாரத்து பெஞ்சிலும், 2022ல் திறந்த புதிய பஸ் ஸ்டாண்டிலும் இதேதான் நடக்கிறது. பெஞ்சு முழுக்கக் காலியாக இருக்கும்போது ஒட்டி வந்து உட்காருகிறவர்கள் ஒரு பக்கம், கூட்டமாக இருக்கும்போது நாலு பேர் இடத்தில் மூட்டையைப் படுக்கவைக்கிறவர்கள் ஒரு பக்கம்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதன்பிறகு, இடம் கேட்டால் சிலர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருகிறது. ஓசியில வர்றவங்களுக்கு உட்கார இடம் வேற வேணுமா என்று. நேராகச் சொல்ல மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்கள். கீரைக் கூடையோடு ஏறுகிற பாட்டி அதைக் கேட்டுவிட்டு, காலியாக இருந்த இடத்தில்கூட உட்காராமல் நின்றதை நான் பார்த்தேன். நடத்துநர் அவருக்கும் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கத்தான் செய்கிறார். அது அவருக்கு அரசாங்கம் கொடுத்த உரிமை. அந்த உரிமையில் உட்காருகிற இடமும் சேர்ந்ததுதான். தயவுசெய்து அந்த வார்த்தையை விட்டுவிடுங்கள். கூடை சுமந்த கழுத்துக்கு அது பெரிய பாரம்.

நமக்கு நகர்ந்து கொடுக்கத் தெரியாது என்று நான் சொல்லவே மாட்டேன். கூட்ட நேரத்தில் நடத்துநர் ஒரு குரல் கொடுப்பார், "ஆம்பளைங்க ரெண்டு பேரும் ஒரே சீட்டுக்கு வாங்க, லேடீஸ் உக்காரட்டும்" என்று. உடனே ஒருவர் எழுந்து இன்னொருவர் பக்கத்தில் போவார், அங்கே இருந்தவர் உள்ளே தள்ளுவார், கால் நிமிஷத்தில் இரண்டு பெண்களுக்கு இடம் கிடைத்துவிடும். முகம் சுளிக்கிறவர் ஒருவரும் இல்லை. அந்தக் குரல் எப்போதும் நடத்துநரிடமிருந்தே வர வேண்டுமா? நெரிசலில் அவர் முன் படிக்கட்டில் மாட்டிக்கொண்டிருப்பார். நாமே கொடுத்துக்கொள்ளலாம்.

மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நம் வண்டியில் எல்லாருடைய சொல்லும் இருக்கிறது. சித்தூர்க்காரர்கள் "கொஞ்செம் ஜரகண்டி" என்பார்கள். உருது பேசுகிற வீட்டுப் பெண்கள் "ஜரா ஸரகோ" என்பார்கள். வைத்தியத்துக்கு வரும் வங்காளிகளுக்காக, பக்கத்து லாட்ஜில் வேலை பார்க்கிற பையனிடம் கேட்டு நானும் ஒன்று கற்றுக்கொண்டேன், "ஏக்டு ஷோரே போஷுன்". கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்று அர்த்தம். முதல் தடவை ஒரு அம்மாவிடம் சொன்னபோது அவர் தள்ளி உட்கார்ந்ததோடு நிற்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ பேசினார். ஒன்றும் புரியவில்லை. வேலப்பாடி வரும் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஜன்னலோரம் கிடைத்தவர்கள் மூன்றாவது ஆள் உட்காரும்போது ஒரு தடவை ஓரத்தைத் திரும்பிப் பாருங்கள். அவருடைய இரண்டு தொடையும் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தில் இருப்பவர்கள் உள்ளே நகருங்கள், முடியாவிட்டால் எழுந்து வழிவிடுங்கள். உட்கார இடம் இல்லாதவர்கள், முறைக்காமல் கேளுங்கள்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல சில்க் மில்லில் ஏறுவேன். பின் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டில் இடம் இருந்தால் கேட்டுவிட்டுத்தான் உட்காருவேன். துணிப் பை என் மடியில் இருக்கும்.

இப்படிக்கு,
உங்களோடு வரும் ஒரு தையல்காரி